கிறிஸ்துமஸ் படமும் தேவதூதனும்

அமெரிக்க தேசத்தில் வருஷந்தோறும் டிசம்பர் மாதம் 24-ந் தேதி இரவு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, இலட்சக்கணக்கான குடும்பத்தார் டெலிவிஷன் பெட்டியின் முன் உட்கார்ந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள். படத்தின் பெயர் 'இட்ஸ் எ வொண்டர்புல் லைப்'. அற்புதமான வாழ்வு இது என்று அர்த்தம். 1946-ம் வருஷத்தில் பிராங்க் காப்ரா என்பவர் எடுத்த படம். ஜேம்ஸ் ஸ்டுவர்ட் கதாநாயகன். பாட்டன் பார்த்ததைப் பேரன் பார்க்கிறான். இதைப் பார்க்காவிட்டால் பண்டிகையே வந்ததாகத் தோன்றவில்லை என்று சொல்லுகிறவர்கள் அங்கே ஏராளம்.

இப்படத்துக்கு இத்தனை பெருமை தகுமா என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். அவர் சங்கடம் நமக்குப் புரிகிறது. படத்தில் ஒரு தேவதூதன் வருகிறான். தேவதூதன் வரும் படத்தைப் பார்த்து அழுதுவிட்டு மறுநாள் மேடையில் ஏறிப் பகுத்தறிவு பேசலாமா என்பது அவருடைய கேள்வி.

நாம் இப்படத்தை மூன்று தரம் பார்த்திருக்கிறோம். மூன்று தரமும் கடைசிக் காட்சியில் நமக்குக் கண் கலங்கிற்று. இதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. அழுதது குற்றமா என்பதல்ல விஷயம்; யாருக்காக அழுதோம், யார் செய்த காரியத்துக்காக அழுதோம் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

அதற்கு முன், இந்த வழக்கம் எப்படிப் பிறந்தது என்ற வேடிக்கையைச் சொல்லிவிடுகிறோம். அந்நாட்டார் பேசுவதைக் கேட்டால் ஏதோ ஆதிகாலந்தொட்டு வந்த சம்பிரதாயம் போல் இருக்கும். உண்மை அதுவல்ல. படம் வெளியான காலத்தில் நஷ்டக் கணக்கில்தான் போயிற்று. ஆஸ்கார் பரிசுக்கு அய்ந்து இனங்களில் பெயர் சொல்லப்பட்டு ஒன்றிலும் கிடைக்கவில்லை. படத்தில் பெய்த பொய்ப் பனிக்கு மாத்திரம், தீயணைக்கும் நுரையைக் கொண்டு பனி செய்த வித்தைக்காக, 1949-ல் தொழில் நுட்பப் பரிசு ஒன்று கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் சோள அவலுக்கு வெள்ளைச் சாயம் பூசித் தூவுவார்களாம். அது காலில் மிதிபட்டு நொறுங்கும் சத்தத்தில் நடிகர்களின் பேச்சே காதில் விழாதாம். ஆக, வானத்திலிருந்து விழுவதாக ஜனங்கள் பரவசப்படும் அந்தப் பனி, வெயில் காலத்தில் தீயணைப்புக்காரர்களின் நுரையிலிருந்து வந்தது.

பிறகு படம் பெட்டிக்குள் போய் மறக்கப்பட்டுவிட்டது. அந்நாட்டின் அக்காலச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை 28 வருஷம்தான். அது முடியும்போது ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டால் இன்னும் 28 வருஷம் நீடிக்கும். 1974-ல் அந்த விண்ணப்பத்தைப் போட வேண்டிய கம்பெனி போடத் தவறிவிட்டது. அவ்வளவுதான். படம் பொதுச் சொத்தாகிவிட்டது. டெலிவிஷன் நிலையத்தார் பார்த்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் நேரத்தை நிரப்ப வேண்டும். இதோ காசில்லாமல் ஒரு கிறிஸ்துமஸ் படம் கிடக்கிறது. ஊருக்கு ஊர், நிலையத்துக்கு நிலையம், காலையும் மாலையும் நடுநிசியும் இதையே போட்டார்கள். பார்த்துப் பார்த்து ஜனங்களுக்குப் பிடித்துப்போய், பிடித்ததே பழக்கமாகி, பழக்கமே சம்பிரதாயமாகிவிட்டது. இது கீழைத் தேசத்தில் நடந்திருந்தால், அந்த விண்ணப்பத்தை மறந்த குமாஸ்தாவின் கனவில் யாரோ வந்து மறக்கச் சொன்னதாக இதற்குள் ஒரு ஸ்தல புராணம் எழுதப்பட்டிருக்கும்!

1993-ல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் என்ற கம்பெனி, மூலக்கதையின் உரிமையும் சங்கீதத்தின் உரிமையும் எங்களிடம் இருக்கின்றன என்று வழக்குப் பேசிப் படத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. 1994 முதல் என்.பி.சி. நிலையத்தார் வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை மாத்திரம், விளம்பரங்களுக்கு நடுவில் காட்டி வருகிறார்கள். இலவசமாய் இருந்தபோது வளர்ந்த பிரியம், உடையவன் வந்த பிறகு அவனுக்கு வருமானமாயிற்று. இது ஒன்றும் புதுமையல்ல.

ஆனால் தற்செயலாய்ப் பிறந்ததனால் ஒரு வழக்கம் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. இலவசமாகக் கிடைத்த படங்கள் வேறு எத்தனையோ உண்டு. அவற்றையெல்லாம் ஜனங்கள் வருஷாவருஷம் தேடிப் பார்க்கவில்லை. ஆதலால் படத்துக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

கதை இதுதான். பெட்போர்டு பால்ஸ் என்பது ஒரு கற்பனைச் சிற்றூர். அங்கே பெய்லி குடும்பத்தார் ஒரு வீடு கட்டும் கடன் சங்கம் நடத்துகிறார்கள். நம் நாட்டில் 'நிதி' என்றும் 'பண்டு' என்றும் சொல்லுகிறோமே, ஏறக்குறைய அதைப் போன்றது. பலபேர் சிறுகச் சிறுகப் பணம் போடுகிறார்கள். சேர்ந்த பணத்தை ஒவ்வொருவனுக்கும் வீடு கட்டக் கடன் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் இத்தகைய சங்கம் முதன்முதல் 1831-ல் பிலடெல்பியாவை அடுத்த பிராங்க்போர்டில் ஏற்பட்டது. பெட்போர்டு பால்ஸில் மற்றதெல்லாம், பாங்கு முதல் வாடகைக் குடிசைகள் வரை, பாட்டர் என்ற கிழ முதலாளியின் பிடியில் இருக்கின்றன. இந்தச் சங்கம் ஒன்றுதான் அவன் கைக்கு எட்டவில்லை.

ஜார்ஜ் பெய்லி ஊரைவிட்டுப் போய் உலகம் சுற்ற வேண்டும், பெரிய பெரிய கட்டடங்கள் கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவன். தகப்பனார் இறந்துபோகிறார். நீ இருந்தால்தான் சங்கம் இருக்கும் என்கிறார்கள். இருந்துவிடுகிறான். தான் படிக்க வைத்திருந்த பணத்தில் தம்பி படிக்கப் போகிறான். இப்படியே வருஷங்கள் போகின்றன. 1945-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், சங்கத்தின் 8,000 டாலரைப் பாங்கில் கட்டப் போன சிறிய தகப்பனார் பில்லி, அந்த உறையை ஒரு பத்திரிகைக்குள் வைத்துக் கைதவறி அந்தப் பாட்டரிடமே கொடுத்துவிடுகிறார். பாட்டர் பார்க்கிறான், அமுக்கிக்கொள்கிறான். அவனுடைய சக்கர நாற்காலியைத் தள்ளுகிற வேலைக்காரனும் பார்க்கிறான். ஆனால் படம் முழுவதிலும் அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஜார்ஜ், யார் பணத்தைத் திருடினானோ அவனிடமே போய்க் கடனுக்குக் கெஞ்சுகிறான். 15,000 டாலர் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, உயிரோடிருப்பதைவிட நீ செத்தால்தான் உனக்கு விலை அதிகம் என்கிறான் பாட்டர். ஜார்ஜ் பாலத்துக்குப் போகிறான்.

அங்கேதான் தேவதூதன் கிளாரன்ஸ் வருகிறான். இரண்டாந்தர தேவதூதன், இன்னும் இறக்கை கொடுக்கப்படாதவன். (மேலோகத்திலும் முதல்தரம் இரண்டாந்தரம் என்று வகுத்துவிட்டார்கள்!) நான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று ஜார்ஜ் சொல்ல, அவன் பிறக்காத ஊரைத் தேவதூதன் காட்டுகிறான்.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நிதானியுங்கள். ஜார்ஜ் இல்லாத அந்த ஊரில் என்ன நடந்தது? சிறுவயதில் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்த தம்பியை ஜார்ஜ் இழுத்துக் காப்பாற்றியிருந்தான். ஜார்ஜ் இல்லை, ஆகவே தம்பி செத்தான். அந்தத் தம்பி பிற்காலத்தில் யுத்தத்தில் விமானமோட்டி ஒரு கப்பல் நிறைய இருந்த சிப்பாய்களைக் காப்பாற்றினவன். அவனில்லாததால் அவர்களும் செத்தார்கள். மகன் இறந்த தந்தியைப் படித்த துக்கத்தில் மருந்துக்கடைக்காரர் தவறி விஷத்தை மாத்திரையில் போட்டபோது, கடைப்பையன் ஜார்ஜ் அதைக் கொடுக்காமல் நிறுத்தியிருந்தான். அவனில்லாததால் ஒரு குழந்தை செத்தது, மருந்துக்கடைக்காரர் ஜெயிலுக்குப் போனார். ஏழைகள் வீடு கட்டியிருந்த இடம் இடுகாடாகக் கிடக்கிறது.

நாம் கேட்கிறோம்: அந்த ஊரில் ஒருவரும் கடவுளை வேண்டவில்லையா? நீரில் விழுந்த பையனின் தாய் வேண்டியிருக்கமாட்டாளா? கப்பலில் இருந்த சிப்பாய்களில் ஒருவன்கூடவா ஜெபம் செய்திருக்கமாட்டான்? கோயிலும் பாதிரியும் அவ்வூரில் இல்லாமலா போயிருக்கும்? மேலே உள்ளவர்கள் இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தும் ஒரு சுண்டுவிரலை அசைக்கவில்லை. ஜார்ஜ் என்ற ஒரு மனிதன் இல்லாமற் போனால், அவன் செய்த காரியத்தை அவனுக்குப் பதிலாகச் செய்ய வானத்தில் ஒருவரும் இல்லை. இதைச் சொல்லுகிறவர் யார்? நாமல்ல, தேவதூதனே சாட்சி சொல்லுகிறான். நாத்திகன் பத்துப் புத்தகம் எழுதிச் சொல்ல வேண்டியதை, இறக்கைக்கு ஆசைப்பட்ட ஒரு தேவதூதன் அரைமணி நேரத்தில் படம் போட்டுக் காட்டிவிடுகிறான். பார்க்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது வேறு சங்கதி.

பாலத்துக்குப் போகுமுன் ஜார்ஜ் ஒரு சாராயக்கடையில் உட்கார்ந்து, பழக்கமில்லாதவனாயிருந்தும், தழுதழுத்துக் கடவுளை வேண்டுகிறான். வேண்டி முடித்த கையோடு என்ன நடக்கிறது? பக்கத்தில் இருந்தவன் வாயில் ஒரு குத்து விடுகிறான்! அவன், ஜார்ஜ் அன்று மாலை கோபத்தில் டெலிபோனில் திட்டிய பள்ளிக்கூட உபாத்தியாயினியின் புருஷன். வேண்டினதற்குக் கிடைத்தது இதுதான் என்று ஜார்ஜே நொந்துகொள்கிறான். இந்தக் காட்சியை எழுதினவர்களுக்கு நமது நன்றி.

சரி, கடைசியில் அந்த 8,000 டாலர் எப்படி வந்தது? தேவதூதன் கொண்டுவந்தானா? ஒரு செப்புக்காசு அவன் கொண்டுவரவில்லை. ஜார்ஜின் மனைவி மேரி, அவன் சங்கடத்திலிருக்கிறான் என்பதை இரண்டொருவரிடம் சொன்னாள். அவர்கள் ஊர் முழுதும் ஓடினார்கள். சாராயக்கடைக்காரன் தன் பெட்டியைக் காலி செய்து கொண்டுவந்தான். மருந்துக்கடைக்காரர் பாக்கி வசூலித்துக் கொண்டுவந்தார். அவன் வீடு கட்டிக்கொடுத்த ஏழைகள் கூடையில் கொட்டினார்கள். பழைய சிநேகிதன் ஒருவன் 25,000 டாலர் வரை தருவதாக லண்டனிலிருந்து தந்தி அடித்தான். அதாவது, ஜார்ஜ் தேவதூதனோடு பிறக்காத ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பிறந்த ஊரில் மேரி காரியத்தை முடித்துவிட்டாள். ஆனால் மணி அடித்தது யாருக்கு? மரத்தில் தொங்கிய சிறுமணி கிணுகிணுத்ததும், தேவதூதனுக்கு இறக்கை கிடைத்துவிட்டது என்கிறாள் குழந்தை. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஓடி அலைந்தவளுக்கு மணியுமில்லை, இறக்கையுமில்லை.

இந்த மேரியின் விஷயத்தில்தான் நமக்குப் படத்தின்மீது உண்மையான கோபம். இது முதல் தரமும் அல்ல. 1932-ல் கல்யாணத்தன்றே பாங்குகள் ஆட்டம் கண்டு, சங்கத்தில் பணம் போட்டவர்கள் வாசலில் நின்றபோது, பாட்டர் டாலருக்கு அரை டாலர் தருகிறேன் என்று வலை வீசினபோது, தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரைத் தூக்கிக் காட்டி எவ்வளவு வேண்டும் என்று கேட்டவள் மேரிதான். அன்று மாலை கடை கட்டும்போது மிச்சம் இரண்டே டாலர். சங்கத்தை இரண்டு தரம் மீட்டவள் ஒரு ஸ்திரீ. அப்படிப்பட்டவளை, ஜார்ஜ் இல்லாத ஊரில் எப்படிக் காட்டுகிறார்கள் தெரியுமா? கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்யாணமாகாமல், புத்தகசாலையில் உத்தியோகம் பார்க்கிறாளாம்! அதைச் சொல்லுவதற்கே தேவதூதன் தயங்குகிறான். கேட்ட ஜார்ஜுக்குப் பைத்தியம் பிடித்ததுபோலாகிறது. தம்பி செத்ததும், குழந்தை விஷத்தால் மாண்டதும், ஒரு ஸ்திரீ தன் சம்பாத்தியத்தில் தனியே வாழ்வதும் ஒரே வரிசைத் துன்பங்களாம். புருஷனில்லாவிட்டால் ஸ்திரீக்கு உலகமில்லை என்ற எண்ணம் மனு எழுதின நாட்டில் மாத்திரம் இருப்பதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். நாம் அறிந்தமட்டில் அந்தப் புத்தகசாலைதான் பாட்டர் ஊரில் ஒழுங்காக நடந்த ஒரே ஸ்தாபனம்.

பெய்லி வீட்டுச் சமையற்காரி ஆன்னி என்ற கறுப்பு ஸ்திரீயும் தன் சேமிப்பைக் கூடையில் போடுகிறாள். எனக்கொரு புருஷன் கிடைத்தால் அவனை விவாகரத்து செய்ய வைத்திருந்த பணம் என்று சிரித்துக்கொண்டே போடுகிறாள். கொடுத்தவர்களில் யார் நிலைமைக்கு அது அதிகம் என்று யோசித்தால் சிரிப்பு வருவதில்லை. அவளுக்கும் அந்தச் சங்கம் கடன் கொடுத்து ஒரு வீடு கட்டிக்கொடுத்ததா? படம் அதைச் சொல்லவில்லை.

இனிப் பாட்டருக்கு வருவோம். அவன் என்ன ஆனான்? ஒன்றும் ஆகவில்லை! 8,000 டாலரும் அவனிடமே இருக்கின்றன. திருடினான், திருட்டை மறைத்தான், களவு கொடுத்தவன்மேலேயே போலீசை ஏவினான். கடைசிக் காட்சியில் அவனைக் காணோம். அக்காலத்து அமெரிக்கச் சினிமாக்களுக்குக் குற்றம் செய்தவன் தண்டனை அடைய வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. பாட்டருக்கு மாத்திரம் அது தெரியாமற்போயிற்று. 1986-ல் ஒரு ஹாஸ்ய நிகழ்ச்சிக்காரர்கள், ஊரார் திரண்டு போய்ப் பாட்டரை உதைப்பதாக ஒரு முடிவைத் தாங்களே நடித்துக் காட்டினார்கள். ஹாஸ்யம்தான், ஆனால் நியாயம் எங்கே விடுபட்டது என்று ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், பாட்டரை ஒரு சொல்லால்கூடத் தண்டிக்காத இந்தப் படத்தையே, பாங்கு முதலாளிகளைக் கெட்டவர்களாகக் காட்டுகிறது, இது பொதுவுடைமைக்காரரின் தந்திரம் என்று எப்.பி.ஐ. போலீசார் 1947-ல் அறிக்கை எழுதி வைத்தார்கள். திருடன் திருடியதைக் காட்டினதே குற்றமாம்! பிடித்துக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ!

கூடையில் பணம் கொட்டுகிறவர்களைப் பார்த்து நாமும் கலங்கினோம் என்று சொன்னோம். அது ஏழைகளின் பெருந்தன்மைக்காக. அந்தக் கண்ணீர் தகும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பணக்காரன் திருடியதை ஏழைகள் தங்கள் பையிலிருந்து ஈடுசெய்கிறார்கள். ஈடுசெய்துவிட்டுப் பாட்டுப் பாடுகிறார்கள். பாட்டர் வீட்டுக் கதவை ஒருவரும் தட்டவில்லை. அவன் எடுத்தான் என்பதே ஊருக்குத் தெரியாது; மேலிருந்து அனைத்தையும் பார்த்த தேவதூதனுக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. நாற்காலி தள்ளுகிற வேலைக்காரன் பயந்து வாய் மூடினான் என்று வைத்துக்கொள்வோம். தேவதூதனுக்கு யாரிடம் பயம்?

படத்தில் நடந்தது படத்தோடு போகட்டும் என்று விடவும் முடியவில்லை. 1980-களில், இந்தப் படம் காசில்லாமல் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், பெய்லி சங்கத்தைப் போன்ற உண்மையான சேமிப்புக் கடன் சங்கங்கள் அமெரிக்காவில் சரியத் தொடங்கின. 1982-ல் சட்டத்தைத் தளர்த்தி, வீட்டுக்கடன் தவிர மற்ற துறைகளிலும் பெருமளவு பணம் போட வழிவிட்டார்கள். சூதாட்டம்போல் முதல் போட்டவர்களும், சங்கத்தைத் தங்கள் சொந்தப் பெட்டியாக்கிக்கொண்டவர்களும் உள்ளே புகுந்தார்கள். 1986 முதல் 1995 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட சங்கங்கள் மூடப்பட்டன. நஷ்டத்தில் 12,000 கோடி டாலருக்கு மேல் வரி கொடுப்போர் தலையில் விழுந்தது. சிலர் ஜெயிலுக்குப் போனார்கள் என்பது உண்மை. ஆனால் கூடையில் பணம் போட்டவர்கள் யார்? டிசம்பர் இரவில் டெலிவிஷன் முன் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே ஜனங்கள்தான்.

தோழர் கேட்டதற்கு நமது பதில் இதுவே. இப்படம் தன் பெருமைக்குத் தகுந்ததுதான். பலர் சேர்ந்தால் பாட்டரில்லாமல் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று இவ்வளவு எளிதாகக் காட்டிய சினிமா வேறொன்றை நாம் பார்த்ததில்லை. தன் பணத்தை முழுதும் கேட்டு நிற்கும் மனிதனையும், பதினேழரை டாலர் போதும் என்று தாழ்ந்த குரலில் சொல்லும் ஸ்திரீயையும் அந்தப் பாங்கு ஓட்டக் காட்சியில் பார்த்தவன், நம்பிக்கை என்பது என்னவென்று தெரிந்துகொள்வான். நாங்கள் கொடுத்த பணம் பெட்டியில் இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு, உன் பணம் அடுத்தவன் வீட்டில் இருக்கிறது, அவன் பணம் உன் வீட்டில் இருக்கிறது என்று ஜார்ஜ் விளக்குகிறானே, அதைப் பள்ளிக்கூடங்களில் பாடமாக வைக்கலாம். தேவதூதனுக்காகப் படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. அவன் வாயாலேயே அவன் கட்சி தோற்கிறது.

வரும் டிசம்பரில் நாம் நான்காம் தரமும் பார்க்கப்போகிறோம். தோழரையும் அழைத்திருக்கிறோம். மேரி பணத்தைத் தூக்கிக் காட்டும் இடத்தில் கை தட்டுவதாக இருக்கிறோம். மணி அடிக்கும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம்.